சாவுக்கு நாள் பார்க்காதவர்: புனித அருளானந்தர்

மலைமேல் வாழும் நம் பங்கின் விழா மலரில், ராமநாதபுரம் சீமையின் மணல்மேட்டில் தலை வெட்டுண்டு இறந்த ஒரு புனிதரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஓரியூர் எங்கே, கோடைக்கானல் எங்கே? அங்கே பனையும் உவர்க்காற்றும். இங்கே மூடுபனியும் யூக்கலிப்டஸ் வாசமும். ஆயினும் நம் பழனிமலையில் திருச்சபை வேர்விட்ட கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், அது அருளானந்தரின் மதுரை மிஷனில் போய்த்தான் நிற்கும்.

1773-ல் சேசுசபை கலைக்கப்பட்டது; 1814-ல் மீண்டும் உயிர்பெற்றது. 1837-ல் பிரெஞ்சு நாட்டுச் சேசுசபைக் குருக்கள் தமிழகம் வந்து, அருளானந்தரும் அவருக்கு முன்னோரும் பின்னோரும் உழைத்த மதுரை மிஷனை மறுபடியும் தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இளவயதிலேயே பலியானார்கள். இதே அச்சத்தினால்தான் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் 1845-ல் இம்மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சேசுசபையாரும் பின்னர் ஏறி வந்தார்கள். பிதா சேன் சிர் அடிகள் எழுப்பிய சலேத் மாதா ஆலயம் 1866 முதல் நம் மலையில் நிற்கிறது. 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்ற இளம் துறவிகள் எத்தனையோ பேர் மறவ நாட்டுப் பங்குகளுக்குப் போனார்கள். சாவுக்குத் தப்பி மலையேறியவர்கள், உடல் தேறியதும் அதே வெயிலுக்கும் அதே காய்ச்சலுக்கும் இறங்கிப் போனார்கள் என்பதை இக்கோவில்களைப் பார்க்கும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். எதற்கும் துணிந்து இறங்கிப் போக அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால், அருளானந்தரின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேதசாட்சிகளைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. வாள் வந்த நேரத்தில் சர்வேசுரன் அவர்களுக்கு ஒரு தனித் துணிவைக் கொடுத்துவிட்டார், அது நமக்குக் கிடைக்காது, ஆகவே அவர்கள் கதை வேறு, நம் கதை வேறு என்று எண்ணிவிடுகிறோம். அருளானந்தரின் வாழ்க்கையை ஆண்டு வாரியாகப் படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 1693-ல் வந்த சாவுக்கு அவர் தயாரானது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

ஜான் தெ பிரிட்டோ 1647 மார்ச் 1-ந் தேதி போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். உயர்ந்த பிரபுக் குடும்பம். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ அரசரால் ஆளுநராகப் பிரேசிலுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். பிள்ளைக்கு அப்போது நாலைந்து வயதுகூட ஆகவில்லை. ஆக, சாவு அவருக்குப் புதிய விருந்தாளி அல்ல. தாய் பெயட்ரிஸ் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு தோழனாக வளர்ந்தான். அங்கே கடும் நோய் கண்டது. வைத்தியர்கள் நம்பிக்கை இழந்தார்கள். தாய் புனித சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக்குச் சேசுசபை அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். நம் ஊர்த் தாய்மார் பிள்ளைக்குக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போவதைப் போலத்தான். பிள்ளை பிழைத்தான்; அங்கியும் அணிந்தான். அரண்மனைப் பையன்கள் அவனைக் குட்டி அப்போஸ்தலர் என்று கேலி செய்தார்களாம். ஆண்டு முடிந்ததும் அங்கி கழன்றது. ஆனால் சவேரியாரின் ஆசை கழலவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், சேசுசபை நவசந்நியாசத்தில் சேர்ந்துவிட்டார்.

1673-ல் குருப்பட்டம் பெற்று உடனே இந்தியாவுக்குப் புறப்பட்டார். தாய் தடுத்துப் பார்த்தார். பெரிய இடங்களில் முறையிட்டும் பார்த்தார். அந்தத் தாயை நாம் குறை சொல்லக்கூடாது. கணவரைக் கடலுக்கு அப்பால் அனுப்பி இழந்தவர் அவர். மகனும் கப்பலேறுவதென்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அந்நாளில் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஆறு மாதப் பயணம். புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் நடுக்கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். மகன் தாயை நேசித்தபடியே போய்விட்டார். செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து தமிழ் படித்து, அருளானந்தர் என்று பெயர் பூண்டார்.

அவர் மேற்கொண்டது பண்டாரசாமி வாழ்க்கை. காவி நிற ஆடை, கையில் ஒரு கோல், சோறும் கீரையும் காய்கறியும், படுக்க வெறுந்தரை. ஊனும் மீனும் மதுவும் இல்லை. ராபர்ட் தெ நொபிலி அடிகள் தொடங்கிவைத்த வழி இது. எல்லாச் சாதி மக்களிடமும் பழகுவதற்குப் பண்டாரசாமி வேடம் தோதாயிருந்தது. செஞ்சி, தஞ்சை, மதுரை நாடுகளில் கால்நடையாக அலைந்தார். இன்ன ஊரில் கோவில், இன்ன தேதியில் பூசை என்று அறிவிக்க இயலாத காலம். நாயக்கரும் மராட்டியரும் மறவரும் ஓயாமல் போரிட்டார்கள். காட்டுக்குள் இரவில் கூடிய மக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை வைத்து, பொழுது புலர்ந்ததும் அடுத்த ஊருக்கு நடப்பார். அடுத்த முறை இவர்களைப் பார்ப்போமா என்று அவருக்கும் தெரியாது. அடுத்த முறை சாமி வருவாரா என்று மக்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு பூசையையும் கடைசிப் பூசைபோலச் செய்வது அவருக்குப் பக்தி மட்டுமல்ல, நடைமுறையும் அதுதான்.

1686-ல் மிஷனின் தலைவராயிருந்தபோது, பல ஆண்டுகளாகக் குருக்கள் நுழையமுடியாதிருந்த மறவ நாட்டுக்குள் தாமே போனார். சில வாரங்களில் இரண்டாயிரம் பேருக்குமேல் ஞானஸ்நானம் கொடுத்தார். ஜூலை 17-ந் தேதி மங்கலத்தில் சேதுபதியின் ஆட்கள் அவரையும் உபதேசியார் சிலரையும் பிடித்தார்கள். சங்கிலி, சவுக்கடி, குளத்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தல், கொதிக்கும் பாறையில் கிடத்தி மிதித்தல் என்று நாள்கணக்கில் வதைத்தார்கள். உபதேசியார்களும் சேர்ந்தே வதைபட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் புனிதர் பட்டியலில் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

மரண தண்டனை தீர்ப்பாயிற்று. அருளானந்தரும் சாவுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டார். ஆனால் சாவு வரவில்லை. கிழவன் சேதுபதி அவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவர் போதிப்பது என்னவென்று கேட்டறிந்து, இனி என் நாட்டில் போதிக்கக்கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அருளானந்தரின் வாழ்க்கையில் ஓரியூருக்கு அடுத்தபடியாக முக்கியமானது இதுவே என்பது நம் கருத்து. சாவுக்குத் தயாரான மனிதனுக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? வேதசாட்சி முடி கைநழுவியதே என்று அவர் வருந்தினார். தம் கடிதங்களில் அதை மறைக்கவில்லை. ஆனால் வருத்தத்தோடு உட்கார்ந்துவிடவும் இல்லை. சாவைத் தேடி மறுநாளே மறவ நாட்டுக்குத் திரும்பவும் இல்லை. சபைத் தலைவர்கள் அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்குப் போகச் சொன்னார்கள், கீழ்ப்படிந்து கப்பலேறினார். சவுக்கடித் தழும்புள்ள உடம்போடு கணக்கு வழக்கு எழுதவும், பண உதவி கேட்கவும், ஆள் சேர்க்கவும் போனார். நன்மரணத்துக்கு ஆயத்தம் என்றால் உலகக் காரியங்களைக் கைகழுவிவிடுவது என்று எண்ணுகிறவர்கள், இந்த இரண்டாண்டு அலைச்சலைக் கவனிக்க வேண்டும்.

1688-ல் லிஸ்பன் சேர்ந்தார். பால்யத் தோழர் பேதுரு இப்போது அரசர். தாய் உயிரோடிருந்தார். தம் பிள்ளைக்கு ஆசானாக இங்கேயே இருந்துவிடும் என்று அரசர் கேட்டுக்கொண்டார். அரண்மனை வாசம், தாயின் அருகாமை, நாற்பது வயதில் நொறுங்கிய உடம்புக்கு ஓய்வு. இதைப் பாவமென்று யாரும் சொல்லமுடியாது. அருளானந்தர் மறுத்துவிட்டார். லிஸ்பனிலும் சோறு காய்கறி உணவையும் தரைப்படுக்கையையும் விடவில்லையாம். மறவ நாட்டுக்குத் திரும்பும்போது உடம்பு பழக்கம் மாறிப்போயிருக்கக்கூடாது என்ற முன்யோசனை. 1690-ல் மறுபடி கப்பலேறினார். தாயிடம் இரண்டாம் முறை விடைபெற்றார். இனி இவ்வுலகில் சந்திப்பில்லை என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

நம் பங்கில் நடப்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. வீட்டில் பெரியவர் படுத்துவிட்டால், சாமியாரை அழைப்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுகிறோம். சாமியாரைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்கிறோம். அவஸ்தைப்பூசுதல் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் இந்தத் தேவதிரவிய அனுமானத்தின் முறையைத் திருத்தி, நோயில் பூசுதல் என்ற பெயரால் அதை நோயுற்ற எவரும் நல்ல நினைவோடு பெறலாமென்று தெளிவாக்கினார். அதற்குப் பின்னும் பழைய பயம் போகவில்லை. மலையில் இந்தத் தாமதம் இன்னும் ஆபத்து. ஆம்புலன்ஸ் வண்டி வத்தலக்குண்டுப் பாதையில் மதுரைக்கு இறங்கத் தொடங்கிய பிறகு பங்குத் தந்தையைத் தேடி ஓடுகிறோம். அதற்குள் நோயாளிக்கு நினைவு தப்பிவிடுகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச வேண்டியிருந்தது பேசப்படாமலே போகிறது. கொடுக்க வேண்டிய கடன், கேட்க வேண்டிய மன்னிப்பு, எழுத வேண்டிய பத்திரம் எல்லாம் அப்படியே நின்றுவிடுகின்றன. நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரை நாள்தோறும் வேண்டிக்கொள்ளும் நாம், அந்த மரணம் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சுகிறோம்.

அருளானந்தருக்கோ கடைசி நேரத்தில் ஒரு குருவும் அருகில் இல்லை; பாவசங்கீர்த்தனமில்லை, வழித்துணை நற்கருணையில்லை, பூசுதலில்லை. நமக்கு எளிதாகக் கிடைக்கும் உதவிகளில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படித்தான் நேரும் என்று அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார், அதற்கேற்ப வாழ்ந்துமிருந்தார்.

மறவ நாட்டுக்கு அவர் திரும்பி வந்தது 1691-ல். இம்முறையும் சாவைத் தேடி ஓடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் தங்காமல், இரவில் நடந்து, காட்டில் குடிசை போட்டு மறைந்தே வாழ்ந்தார். உயிர் இறைவன் கொடுத்த முதல். அதை வீணே எறிவதற்குத் தமக்கு உரிமையில்லை என்பதே அவர் நடந்துகொண்ட விதத்திலிருந்து தெரிவது.

தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் அவர்மேல் நற்செய்தியை வாசித்துச் செபிக்க, நோய் நீங்கிற்று. தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டபின், 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று ராசாக்கள் திருநாளன்று, அருளானந்தர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். நாடகங்களில் இந்தப் பெண்ணைக் கொடியவளாகக் காட்டுவது வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. தன் குற்றம் ஒன்றுமில்லாமல் ஒரே நாளில் வீடிழந்தவள், தனக்குத் தெரிந்த பெரியவரிடம் போய் அழுதாள், அவ்வளவுதான். தண்டனைக்கு அவள் கண்ணீர் மட்டுமே காரணமும் அல்ல. தடியத்தேவர் அரசுரிமை கோரக்கூடிய குடும்பத்தவர், மக்களிடம் செல்வாக்குள்ளவர். அப்படிப்பட்டவர் ஒரு புதிய மார்க்கத்தின் தலைவராகிவிட்டால் தம் சிம்மாசனம் என்னாகும் என்று சேதுபதி அஞ்சியதும் உண்டு.

ஜனவரி 8-ந் தேதி முனி என்ற ஊரில் அருளானந்தரைப் பிடித்தார்கள். ராமநாதபுரத்துச் சிறையில் வைத்தார்கள். தடியத்தேவர் தம் குருவுக்காக அரசரிடம் மன்றாடினார், பலிக்கவில்லை. தலைநகரில் வெட்டினால் கலகம் எழும் என்று எண்ணி, நாடு கடத்துவதாகப் பெயர் பண்ணி, வடக்கு எல்லையில் ஓரியூரில் இருந்த தம் தம்பி உடையத்தேவரிடம் சேதுபதி அவரை அனுப்பிவைத்தார். அங்கே கொன்றுவிடும்படி ரகசிய உத்தரவு. உடையத்தேவர் நோயாளி. சாமியார் தம் நோயைப் போக்கினால் நல்லது என்று கேட்டாராம். குணமாக்குவது தம் கையிலில்லை, இறைவன் கையில் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். உயிர் தப்ப அது ஒரு வாசல். பொய்யாக ஒரு நம்பிக்கை கொடுத்திருந்தால்கூடச் சில நாள் கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 3-ந் தேதி சிறையிலிருந்து கடிதம் எழுதினார். மையில்லை; கரியைக் கரைத்து, குச்சியால் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. தலைவராயிருந்த லைனஸ் அடிகளுக்கு எழுதிய அக்கடிதத்தில் புலம்பலில்லை, ஆவேசமுமில்லை. விசாரணை எப்படி நடந்தது, தம்மேல் சுமத்திய குற்றம் என்ன என்ற விவரங்களை ஒரு காரியஸ்தர் அறிக்கை அனுப்புவதுபோல எழுதி, சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பதாகத் தெரிவித்து, நண்பர்களிடம் விடைபெற்றார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கைநழுவியது இம்முறை நழுவாது என்ற திருப்தி அதில் தெரிகிறது.

மறுநாள் விபூதிப் புதன். மனிதன் மண்ணென்பதை நினைவூட்டி உலகமெங்கும் குருக்கள் மக்கள் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். ஓரியூரில் சாம்பலில்லை. பாம்பாற்றின் கரையிலிருந்த மணல்மேட்டுக்கு அவரை நடத்திப் போனார்கள். மக்கள் கூட்டம் பின்னே போயிற்று. சற்றுத் தள்ளி முழந்தாளிட்டுச் செபிக்க அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். வெட்ட வந்தவன் தயங்கினான். செபம் முடிந்ததும் அருளானந்தர் தாமே எழுந்து வந்து அவனைத் தழுவி, உன் கடமையைச் செய் என்னும் பாவனையில் நின்றார். மேலாடையை நீக்கியபோது கழுத்தில் ஒரு கயிறும் அதில் அருளிக்கப் பேழையும் தெரிந்தன. அது ஏதோ மந்திரத் தாயத்து என்று பயந்து, கையால் தொடாமல் அரிவாளாலேயே கயிற்றை அறுத்தான். தோளில் காயம்பட்டு இரத்தம் வழிந்தது. பிறகு தலையை வெட்டினான். கையும் காலும் துண்டிக்கப்பட்டன. உடலைக் கம்பத்தில் கட்டிவைத்தார்கள். வயது நாற்பத்தைந்து. குருவானது முதல் இருபது ஆண்டுகள்.

அந்த இடத்து மணல் சிவந்தே இருப்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஓரியூர் போய்வந்த நம் பெரியவர்கள் ஒரு பிடி செம்மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துவந்து சுரூபத்தின் பக்கத்தில் வைப்பார்கள். 1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர வெகுகாலமாயிற்று. பிரபுக் குடும்பங்களில் மகன் இறந்தால் தாய் கறுப்பு உடுத்தி வீட்டுக்குள் இருப்பது அந்நாட்டு முறை. பேதுரு அரசர் பெயட்ரிஸ் அம்மாளுக்கு ஆளனுப்பி, துக்க உடை வேண்டாம், விழாவுக்குரிய உடையில் அரண்மனைக்கு வரவேண்டும் என்று சொன்னாராம். இருபது ஆண்டுகளுக்கு முன் மகன் கப்பலேறுவதைத் தடுக்க வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்த முதிய தாய், பட்டாடை உடுத்தி அரண்மனைக்குப் போனார்.